கட்டணம் குறைந்த இணைய இதழியல் வகுப்பு: சேரலாமா?

நான் ஓராண்டுக்கு மேலாகப் படித்துவரும் இணைய இதழியல் வகுப்பின் கட்டணம் குறைந்திருப்பதைப் பார்த்த மயிலாப்பூர் நண்பர் ஒருவர், இப்போது சேரலாமா என்று கேட்டார். வாரம் ஒரு கட்டுரை, 300 சொற்களுக்குள். அதை முதலில் சக மாணவர் மூவர் திருத்துவர், பிறகே ஆசிரியர் பார்ப்பார் என்பது வகுப்பைப் பற்றி விசாரித்தவர்கள் அனைவருக்கும் தெரிந்ததே. காணொளிப் பாடங்கள் சுமார்.

சொல் வரம்பு மட்டும் உண்மையான ஆசான். "போக்குவரத்து நெரிசல் மிகுந்த சென்னை மாநகரில்" என்று தொடங்கும் பழக்கம் எங்கள் வகுப்பில் பலருக்கும் இருந்தது. 300 சொற்களுக்குள் எழுத வேண்டும் என்றதும் முதலில் வெட்டுப்பட்டது அந்தத் தொடர்தான். மாநகராட்சியின் 200 வார்டுகளில் எந்த வார்டில் குப்பை அள்ளப்படவில்லை என்று சொல்லாத கட்டுரையைக் கைப்பேசியில் படிப்பவர் இரண்டாம் பத்திக்கு வரமாட்டார் என்பதையும் இங்குதான் உணர்ந்தேன்.

என் எரிச்சல் எல்லாம் சக மாணவர் திருத்தத்தின் மீதுதான். சென்ற மழைக்காலத்தில் ஒருவர், செம்பரம்பாக்கம் ஏரி 24 அடியில் 22 அடியை எட்டியதால் 92 சதவீதம் நிரம்பிவிட்டது என்று எழுதியிருந்தார். ஏரியின் முழு உயரம் 24 அடிதான். ஆனால் அதன் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நீர் ஏற ஏறப் பரப்பும் விரிவதால், அடியை அடியால் வகுத்துக் கிடைக்கும் சதவீதம் நீர் இருப்பின் சதவீதம் ஆகாது. சென்னைக் குடிநீர் வாரியம் நீர்மட்டத்தையும் இருப்பையும் நாள்தோறும் தனித்தனியே தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அதைத் திறந்து பார்த்திருந்தாலே போதும். இந்த ஏரியில் திறக்கும் நீர் அடையாற்றில்தான் பாய்கிறது; 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட அடையாற்றங்கரைக்காரர், இந்த ஏரியின் எண்ணைச் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போகமாட்டார். திருத்தியவர்களோ, ஒருவர் "காரணமாக கரையோர" என்பதில் விடுபட்ட ஒற்றைச் சேர்த்தார்; இன்னொருவர் "எட்டியதால்" என்பதை "எட்டியமையால்" ஆக்கினார்; மூன்றாமவர் "அருமை" என்றார். 92 சதவீதத்தை யாரும் தொடவில்லை.

ஒற்றுப் பார்ப்பவர்களைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. அவர்கள் கைபட்ட கட்டுரைகள் தூய்மையாக வெளிவருகின்றன. குறை ஏற்பாட்டில் இருக்கிறது. திருத்தங்களின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் தருகிறார்கள். ஏழு ஒற்றுக்கு ஏழு மதிப்பெண், எண்ணைச் சரிபார்க்க அரை மணி நேரம் செலவிட்டுக் கேட்ட ஒரு கேள்விக்கு ஒன்றே ஒன்று. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியும் கல்லூரி மாணவரும் ஒரே குழுவில் இருப்பதால், "சார், இந்தத் தகவல் எங்கிருந்து கிடைத்தது?" என்று கேட்க இளையவர் தயங்குகிறார். "சார்" தரப்பிலும் அந்தக் கேள்வியை எல்லோரும் இன்முகத்துடன் ஏற்பதில்லை.

விதிவிலக்காக வியாசர்பாடி மாணவர் ஒருவர் இருக்கிறார். எந்த எண்ணைக் கண்டாலும் பக்கத்தில் "இது யார் சொன்னது?" என்று எழுதுவார், ஒற்றைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. என் கட்டுரை அவரிடம் போன வாரங்களில்தான் நான் வார்டு அலுவலகத்துக்கு மறுபடி போன் செய்திருக்கிறேன். ஆனால் யார் கட்டுரை யாருக்கு என்பதைக் கணினி குலுக்கிப் போடுகிறது. அவர் கிடைப்பது அதிர்ஷ்டம்.

குறைந்த கட்டணத்துக்கு, எழுதியதை வாரந்தோறும் நான்கு பேர் கட்டாயம் படிக்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் அமையாது என்பதை மறுக்கமாட்டேன். ஆயினும் வேளச்சேரி மழைநீர் வடிகால் பற்றி நான் அலைந்து எழுதிய கட்டுரை நேற்று இரண்டு காற்புள்ளிகளோடும் ஒரு கைதட்டல் படத்தோடும் திரும்பி வந்திருக்கிறது. ஆகவே, சேர வேண்டாம் என்றே நண்பரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த பருவத்துக்கு நான் பணம் கட்டியாகிவிட்டது என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.