காம்ப்டியா செக்யூரிட்டி பிளஸ்: போட்ட காசுக்கு என்ன கிடைக்கும்?

சைபர் செக்யூரிட்டி வேலைக்கு முதல் சான்றிதழ் எது என்று கேட்டால் பெரும்பாலும் கைகாட்டப்படுவது காம்ப்டியா என்ற அமைப்பு நடத்தும் செக்யூரிட்டி பிளஸ்தான். 2023 நவம்பரில் வந்த எஸ்.ஒய்.0-701 பதிப்பைத்தான் இங்கே பார்க்கிறோம். பாடத்திட்டம் நன்றாக இருக்கிறது, தேர்வும் நியாயமானது. பாஸ் செய்த மறுநாளே ஆஃபர் லெட்டர் வரும் என்று கோச்சிங் சென்டர்கள் ஒட்டும் போஸ்டரை மட்டும் நம்பாதீர்கள்.

90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். 100 முதல் 900 வரையிலான அளவுகோலில் 750 எடுக்க வேண்டும். இதை 83 சதவீதம் என்று கணக்குப் போடுவது தப்பு. அளவுகோலே 100-இல்தான் தொடங்குகிறது, எத்தனை சரியான விடைக்கு 750 என்பதை காம்ப்டியா சொல்வதும் இல்லை. மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து 85 சதவீதம் வந்தால் தைரியமாகப் போகலாம்.

நேரத்தைத் தின்பது செய்முறைக் கேள்விகள், அதாவது விடையைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதில் திரையில் வேலையைச் செய்துகாட்ட வேண்டியவை. பெரும்பாலும் தொடக்கத்திலேயே வந்து நிற்கும். அங்கேயே அரை மணி நேரம் மல்லுக்கட்டினால் பின்னால் இருக்கும் சுலபமான கேள்விகள் கைநழுவிப் போகும். ஃபிளாக் போட்டுத் தாண்டிவிட்டு, கடைசி 25 நிமிடத்தில் திரும்பி வாருங்கள்.

இவற்றில் ஃபயர்வால் (நெட்வொர்க் போக்குவரத்தை அனுமதிக்கும், தடுக்கும் காவல் ஏற்பாடு) கேள்வியில் சறுக்குவது ரூல்களின் வரிசையில். மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும்; முதலில் பொருந்தும் ரூலோடு சோதனை நின்றுவிடும். அட்மின் கணினிக்கு 22-ஆம் போர்ட்டைத் திறக்கும் ரூலுக்கு மேலே 'எல்லாவற்றையும் தடு' உட்கார்ந்திருந்தால், கீழே திறந்து வைத்து என்ன பயன்?

லாக் (கணினியின் நிகழ்வுப் பதிவேடு) கேள்வி இன்னும் நுணுக்கம். ஒரே ஐ.பி., 40 பயனர் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தோல்வி. அவசரத்தில் புரூட் ஃபோர்ஸ் (ஒரே கணக்கில் பல பாஸ்வேர்டுகளை அடித்துப் பார்ப்பது) என்று டிக் அடித்தால் போச்சு. ஒரே பாஸ்வேர்டைப் பல கணக்குகளில் போட்டுப் பார்க்கும் பாஸ்வேர்ட் ஸ்பிரேயிங் இது. ஐந்து முறை தவறினால் கணக்கு முடங்கும் என்ற ஏற்பாட்டில் மாட்டாமல் இருக்கத்தான் இந்த வேலை.

பாடத்திட்டத்தின் ஐந்து பகுதிகளில் பெரியது செக்யூரிட்டி ஆபரேஷன்ஸ், 28 சதவீதம். சாக் எல்-1 (பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தின் முதல் நிலை வேலை) இன்டர்வியூவும் இதைச் சுற்றித்தான் போகும். சான்றிதழ் போதாமல் போவதும் இங்கேதான். விண்டோஸ் லாகில் 4625 என்ற நிகழ்வு எண் வந்தால் தோல்வியடைந்த லாகின் என்று பலரும் சொல்லிவிடுவார்கள். ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வந்த தோல்வி என்றால் லாகான் டைப் (எந்த வழியில் நுழைய முயன்றார்கள் என்பதைக் குறிக்கும் எண்) என்ன என்று கேட்டால் 10 என்பார்கள். என்.எல்.ஏ. (டெஸ்க்டாப் திறக்கும் முன்பே பயனரைச் சரிபார்க்கும் ஏற்பாடு) இயங்கும் கணினியில் அது 3 என்றுதான் பதிவாகும். இதைத் தேர்வு கேட்காது, வேலை கேட்கும்.

அதற்கு மருந்து வீட்டு லேப். 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் (ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) போட்டு, ஒரு மெய்நிகர் கணினியில் விண்டோஸ் இவாலுவேஷன் (சோதனைப் பதிப்பு), இன்னொன்றில் உபுண்டு லினக்ஸும், லாகுகளைக் கண்காணித்து அலர்ட் தரும் வாசூ (Wazuh) மென்பொருளும். வாசூ சர்வருக்கே 8 ஜிபி போய்விடும் என்பதால் 8 ஜிபி லேப்டாப்பில் முயன்று நொந்துகொள்ளாதீர்கள். வேண்டுமென்றே தப்புப் பாஸ்வேர்டு அடித்து, எந்த அலர்ட் வருகிறது, எது வரவில்லை என்று பாருங்கள்.

படிக்க பெரிய செலவில்லை. தேர்வு நோக்கங்களின் பி.டி.எஃப். காம்ப்டியா தளத்திலேயே இலவசம், புரொஃபசர் மெசரின் யூடியூப் வரிசையும் இலவசம். காம்ப்டியாவின் நெட்வொர்க்கிங் சான்றிதழான நெட்வொர்க் பிளஸ் கட்டாயமில்லை. ஆனால் /26 சப்நெட் என்றால் எத்தனை ஐ.பி. முகவரி என்று திணறுபவர்கள் முதலில் ஒரு மாதம் நெட்வொர்க்கிங்கில் உட்காருவது நல்லது. டம்ப்ஸ் (திருட்டுத்தனமாக வெளிவந்த தேர்வுக் கேள்விகள்) பக்கம் போகாதீர்கள், பிடிபட்டால் சான்றிதழே ரத்து.

ஐ.எஸ்.சி.2 என்ற அமைப்பு நடத்தும் தொடக்கநிலை சி.சி. (சர்டிஃபைடு இன் சைபர் செக்யூரிட்டி) தேர்வு இதைவிட மலிவு, சுலபம். செய்முறைக் கேள்வி கிடையாது. கல்லூரி மாணவருக்குப் பழகிப் பார்க்க சரி, ரெஸ்யூமில் தனியாக நின்றால் எடை குறைவு.

நம்மூர்க்காரர்கள் மாட்டும் இடம் இனிஷியல். தேர்வை நடத்தித் தரும் பியர்சன் வியூ நிறுவனத்தின் கணக்கில் உள்ள பெயர் அடையாள அட்டையோடு ஒத்துப்போக வேண்டும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராக இருந்தால் கணக்கிலும் அப்படியே போடுங்கள். கரண்ட் போகும் வீடாக இருந்தால் தேர்வு மையமே மேல். வீட்டில் எழுதினால் கேள்வியை வாய்விட்டுப் படிப்பதற்கும் தடை உண்டு.

செல்லுபடி 3 ஆண்டு. புதுப்பிக்க 50 சி.இ.யூ.வும் (தொடர் கல்விப் புள்ளிகள்) ஆண்டுக்கு 50 டாலரும். வவுச்சர் (முன்கூட்டியே வாங்கும் தேர்வுக் கூப்பன்) வாங்கிய நாட்டில் அல்லது பிராந்தியத்தில்தான் செல்லும், வெளிநாட்டு வவுச்சர் மலிவாகக் கிடைக்கிறது என்று ஏமாறாதீர்கள். முதல் முறை தவறினால் உடனே மறுபடி எழுதலாம், மூன்றாம் முறைக்கு 14 நாள் இடைவெளி. ஒவ்வொரு முறையும் முழுக் கட்டணம்.