குச்சிக்கிழங்குத் திப்பி சைலேஜ்: கறிக்கு வளர்க்கும் கன்றுகளுக்கு வாங்கலாமா?

எருமைக் கடாக் கன்றுகளையும், பால் பண்ணைக்காரர்கள் வேண்டாமென்று தள்ளிவிடுகிற கலப்பினக் காளைக் கன்றுகளையும் வாங்கிக் கறிக்கு வளர்த்து, வீரகனூர் சனிக்கிழமைச் சந்தையில் விற்பது என் தொழில். கோடையில் பசுந்தீவனத்துக்கு வழியில்லை. அதனால் தலைவாசல் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் சைலேஜ், அதாவது காற்றுப் புகாமல் கட்டிப் புளிக்கவைத்த தீவனம், வாங்கிப் போட்டேன். கிலோ 7 ரூபாய், வண்டி வாடகை தனி.

இவர்கள் சேர்ப்பது அத்தனையும் கழிவு. கதிர் ஒடித்த மக்காச்சோளத் தட்டு, சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியில் மாவெடுத்த பின் மிஞ்சும் ஈரத் திப்பி, கிழங்கு பிடுங்கும்போது வரப்பில் வீணாகக் கிடக்கிற தழை. காய்ந்த தட்டு தனியாகப் புளிக்காது. திப்பியிலோ முக்கால் பங்கு தண்ணீர். இரண்டையும் சேர்த்தால் ஈரம் 65-70 சதவீதத்துக்கு வந்துவிடும். நம்ம சேலம் மாவட்டத்துக்கென்றே அமைந்த கலவை இது, மனதாரப் பாராட்டுகிறேன்.

பேலை (சைலேஜ் கட்டை) பிரித்ததும் மோர் புளித்த மாதிரி வாசனை. மஞ்சளும் பழுப்புமாக நிறம், தட்டு விரல்கணு நீளத்துக்கு நறுக்கியிருக்கிறது. ஒரு கை அள்ளி இறுக்கினால் தண்ணீர் சொட்டவில்லை. விட்டதும் மெல்ல விரிகிறது. முதலில் கால் பங்கு மட்டும் கலந்து, பத்து நாளில் படிப்படியாகக் கூட்டினேன். எருமைக் கன்றுகள் தொட்டியை நக்கி வைத்துவிட்டன.

பச்சைக் குச்சிக்கிழங்குத் தழையைத் தின்று மாடு செத்தது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தழையை வாடவிட்டு, நறுக்கி, காற்றுப் புகாமல் புளிக்கவைத்தால் அதிலிருக்கும் சயனைடு விஷம் பெரும்பாலும் போய்விடும். ஆனால் அதற்கு நாள் வேண்டும். கட்டி ஒரு மாதம் ஆகாத பேலை நான் இறக்க விடுவதில்லை.

ஒரு லோடில் சில பேல்கள் கிழிந்து, உள்ளே நீலப் பூசணம். சொன்னதும் அடுத்த லோடில் ஈடு கட்டினார்கள், சரி. ஆனால் "பூசணத்தை மட்டும் எடுத்துப் போட்டுட்டு மிச்சத்தைக் கொடுங்கண்ணா" என்றதை ஏற்கவே முடியாது. பூசண விஷம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு நிற்காது. அந்த பேல்கள் அப்படியே குப்பைக்குழிக்குப் போயின.

"இது ஒன்றே போதும்" என்று விற்கிறார்களே, அதையும் நம்பாதீர்கள். திப்பியில் மாவுச்சத்து தாராளம், புரதம் மிகக் குறைவு. வயிறு ரொம்பும், தொடையில் கறி பிடிக்காது. 200 கிலோ கன்றுக்கு நான் கொடுப்பது 10 கிலோ சைலேஜ், ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கு, தாது உப்பு, ராத்திரிக்குக் கொஞ்சம் காய்ந்த தட்டு. தழையில் புரதம் உண்டு, அதனால் தழையை அதிகம் சேர்த்த பேல்களுக்குக் கன்றுகள் நன்றாகத் தேறின. கூடுதல் தழை கேட்டால் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏற்றுகிறார்கள், கொடுக்கலாம்.

கட்டிய தேதியை ஒவ்வொரு பேலிலும் எழுதச் சொல்லியிருக்கிறேன். எழுதி வந்தால் அடுத்த கோடைக்கும் இங்கேதான்.