ஆயிரம் டன்னுக்கு எந்த மரம்? வைக்கோல், சவுக்கு, சீமைக் கருவேலம், தெருக்கிளை

அத்திப்பட்டுப் பக்கம் போய்வருகிறவர்களுக்கு வட சென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அந்தக் கொதிகலன்களில் நிலக்கரியோடு பயிர்க் கழிவையும் பெல்லட்டாக்கி, அதாவது அழுத்திச் சிறு உருளைகளாக்கி, கலந்து எரிக்க வேண்டும் என்று 2021 அக்டோபரில் ஒன்றிய மின் அமைச்சகம் விதி போட்டது. 2023-இல் அதைத் திருத்தி, 2024-25 முதல் 5 சதவீதம், அடுத்த ஆண்டு முதல் 7 சதவீதம் என்றார்கள். டெல்லியைச் சுற்றி வயலில் வைக்கோலைக் கொளுத்துகிற புகையை மனதில் வைத்து எழுதிய மருந்துச் சீட்டு இது. அத்திப்பட்டு இருக்கிற எண்ணூர்ப் பக்கத்துக்கும் அதே மாத்திரைதான்.

எவ்வளவு வேண்டும் என்று நான் போட்ட கணக்கு: அந்த நிலையத்தின் இரண்டாம் கட்டத்தில் இருக்கும் 600 மெகாவாட் அலகுகள் இரண்டும் முழு மூச்சில் ஓடினால் நாளுக்கு 2.88 கோடி யூனிட். யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி என்று வைத்தால் 20,000 டன். அதில் 5 சதவீதம் 1,000 டன். 20 டன் ஏற்றுகிற லாரி என்றால் தினம் ஐம்பது லோடு. மணலி, எண்ணூர் சாலைகளில் கன்டெய்னர் வரிசைக்குப் பின்னால் நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

வைக்கோலைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பஞ்சாபில் அது தொல்லை, நம்மிடம் அது மாட்டுத் தீவனம். டெல்டாவில் இயந்திரம் வைத்துக் கட்டு கட்டி விற்கிறார்கள், கேரளா வரை லாரியில் போகிறது. விலை இருக்கிற பொருளைக் கழிவு என்று எப்படிச் சொல்வது? அதோடு நெல் வைக்கோலில் சிலிக்காவும் பொட்டாசியமும் அதிகம். கொதிகலன் குழாய்களில் படிந்து இறுகும். சாம்பலும் 15 சதவீதம் வரை வரும். கொசஸ்தலை ஆற்றில் அனல் நிலையச் சாம்பல் கலந்ததைக் கண்ணால் பார்த்த ஊரில் இதை யாரும் ஆசையோடு கேட்கப் போவதில்லை.

சாம்பல் என்று பார்த்தால் மரம்தான் ராஜா. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பல் நிற்கும், மரத்தில் ஒன்றிரண்டு சதவீதம். அதற்காகக் குதிக்கவும் வேண்டாம். 20,000 டன் நிலக்கரிக்கு 7,000 டன் சாம்பல் வரும் இடத்தில், 1,000 டன் மரத்தைக் கலந்தால் 6,670 டன் வரும். ஆற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

சரி, எந்த மரம்? எங்கள் குடும்பம் திருவொற்றியூரில் விறகு தொட்டி வைத்திருந்தது. (வெளியூர்க்காரர்களுக்கு: தண்ணீர்த் தொட்டி இல்லை. இந்தப் பக்கம் விறகு விற்கிற இடத்துக்கே தொட்டி என்றுதான் பெயர்.) அப்பாவிடம் இரண்டு அடுக்கு இருக்கும், ஒன்று சவுக்கு, இன்னொன்று கருவேலம். சவுக்கில் நேரான கம்பாக எதுவும் கண்ணில் பட்டால் தனியே எடுத்து வைத்துவிடுவார். “கம்பா போனா பத்து கட்டடம் பாக்கும்பா, அடுப்புக்குப் போனா ஒரு வேளைதான்” என்பார். நான் இங்கே எழுதுகிற அலசல் முழுக்க அந்த ஒரு கணக்குதான்.

சவுக்குக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை ரயில் இன்ஜின்களுக்கு விறகாகவே கடற்கரை மணலில் தோப்புத் தோப்பாக வளர்த்த மரம் இது. உப்புக் காற்றையும் மணலையும் தாங்கும், வேரிலிருக்கும் நுண்ணுயிரியின் தயவில் காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், மூன்று நான்கு ஆண்டில் வெட்டுக்கு வரும். பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கம் தோப்பு வைத்தவர்களுக்கு அது வங்கி வைப்பு மாதிரி. ஏக்கருக்கு 40 டன் என்று தாராளமாகப் பிடித்தாலும் தினம் 1,000 டன்னுக்கு 25 ஏக்கர், ஆண்டுக்கு 9,000 ஏக்கருக்கு மேல். நான்கு ஆண்டு சுழற்சி என்றால் 36,000 ஏக்கர் எப்போதும் நின்றுகொண்டிருக்க வேண்டும். அதுவும் பச்சை மர எடை. பெல்லட்டாகக் காயவைத்தால் பாதி போய்விடும், அப்போது நிலம் இன்னொரு மடங்கு.

அந்த மரத்துக்கு ஏற்கெனவே ஆள் காத்திருக்கிறார்கள். சாரம் கட்டுகிற மேஸ்திரி, பந்தல்காரர், காகித ஆலை. கரூர் புகழூரில் இருக்கும் அரசுக் காகித ஆலையான டிஎன்பிஎல் விவசாயிகளோடு கைகோத்துச் சவுக்கு வளர்க்கவைத்து, மரத்தைத் திரும்ப வாங்குகிறது. 1988 தேசிய வனக் கொள்கையே ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளோடு நேரடியாகச் சேர்ந்து வளர்த்துக்கொள்ளட்டும் என்றது. அந்த ஏற்பாடு வேலை செய்கிற ஒரு மரத்தைக் கொதிகலனுக்குத் தள்ளினால், ஏலத்தில் தோற்கப் போவது காகித ஆலையாக இருக்காது, வியாசர்பாடியில் சாரத்துக்குக் கம்பு வாடகை கொடுக்கிற மேஸ்திரியாகத்தான் இருக்கும். எதையெல்லாம் பெல்லட்டாக்கலாம் என்று அமைச்சகம் தந்த பட்டியலும் பயிர்க் கழிவைத்தான் முன்னிறுத்துகிறது. சவுக்குக்கு என் ஓட்டு இல்லை.

சீமைக் கருவேலம் பேச்சுக்கு அழகான பதில். யாருக்கும் வேண்டாத மரம், மாநில அரசே 2022-இல் அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றுவதற்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது, எரித்தால் நின்று எரியும். ஆனால் வெட்டினால் போகிற மரமில்லை அது. அடிக்கட்டையிலிருந்து முன்பைவிடப் புதராகத் துளிர்க்கும். வேரோடு பிடுங்க ஜேசிபி வேண்டும், அதற்குக் காசு வேண்டும். டன் கணக்கில் விறகுக்கு மட்டும் விலை கொடுத்தால் குத்தகைக்காரர் எதற்கு வேரைத் தொடப் போகிறார்? மேலே வெட்டிக்கொண்டு, நான்கு வருடம் கழித்துத் திரும்ப வருவார். ஒழிக்க வந்த கொள்கை, எரிபொருள் கொள்கையோடு சேர்ந்ததும் பயிரிடும் கொள்கையாகிவிடும். ராமநாதபுரத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கிருந்து 500 கிலோமீட்டர் டீசல் செலவழித்து இங்கே கொண்டுவருவதில் என்ன பசுமை என்று எனக்குப் புரியவில்லை.

எண்ணூர் முகத்துவாரக் கரையிலும் காட்டுப்பள்ளி வழியிலும் மண்டிக்கிடப்பது வேறு கதை. அதை வேரோடு எடுத்து, ஏற்ற இடத்தில் அலையாத்தி வைப்பதானால் அந்த விறகு அத்திப்பட்டுக்கே போகட்டும். ஒப்பந்தத்தில் டன்னுக்கு ஒரு தொகை, பிடுங்கிய குழிக்கு ஒரு தொகை என்று பிரித்து எழுத வேண்டும். சில ஆண்டில் இந்தச் சரக்கு தீர்ந்துபோகும். தீர வேண்டும் என்பதற்காகத்தான் எடுக்கிறோம். ஆனால் 25 ஆண்டு ஓடப்போகிற கொதிகலனுக்குத் தீர்ந்துபோகிற சரக்கு பிடிக்காது. கவனிக்க வேண்டிய இடம் அதுதான்.

நான்காவது நம் தெருவிலேயே விழுகிறது. மழைக்கு முன்னால் மாநகராட்சி கழிக்கிற கிளை, இளநீர்க் கூடு, தென்னை மட்டை. மரங்களைக் கழிக்கும்போது விழும் கிளையும் தேங்காய் ஓடும் அமைச்சகத்தின் பட்டியலிலேயே உண்டு. 1,000 டன் பக்கத்தில்கூட இது வராது, ஈரமும் பிளாஸ்டிக்கும் கலந்து வரும். ஆனாலும் நான்கில் எனக்கு நம்பிக்கை தருவது இதுதான். வேறு யாருடைய அடுப்பிலிருந்தும் பிடுங்கியது இல்லை, நிலம் கேட்காது. மண்டலத்துக்கு ஒரு துண்டாக்கும் இயந்திரம் இருந்தால் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் போகிற லாரியாவது குறையும். அனல் நிலையத்துக்குப் போதாவிட்டால் சின்னக் கொதிகலன் வைத்திருக்கிற சாயப்பட்டறைக்குப் போகட்டும்.

போன மாதம் எங்கள் தெருவில் தூங்குமூஞ்சி மரத்தைக் கழித்தார்கள். தடித்த கட்டைகளை அங்கேயே ஒருவர் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கேட்டால், தொட்டிக்கு என்றார். இலையும் சுள்ளியும் மட்டும் மூன்று நாள் சாக்கடை மூடி மேல் கிடந்தன.