அரசு ஐடிஐயில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு: படித்தவனின் மதிப்பீடு

பத்தாம் வகுப்பு முடித்ததும் எங்கள் மாவட்டத்து அரசு ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) ஒன்றில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் சேர்ந்து, இரண்டு ஆண்டுகள் பயின்று, இப்போது ஒரு கார் சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கிறேன். அதே பிரிவில் சேர நினைக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உதவும் என்றே இதை எழுதுகிறேன்.

செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் இலவச பஸ் பாஸும் உண்டு. கைவேலைப் பயிற்சி மிக நன்று. முதல் சில மாதங்கள் அரம் பிடித்து இரும்புத் துண்டைச் சதுரமாக்குவதிலேயே கழிந்தபோது சலிப்பாக இருந்தது. பின்னர் கிராங்க் ஷாஃப்டின் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) தேய்மானத்தை மைக்ரோமீட்டரால் 0.01 மில்லிமீட்டர் வரை அளக்க வேண்டி வந்தபோதுதான் அந்தப் பழக்கத்தின் அருமை விளங்கியது.

ஒரு நாள், மூன்று சிலிண்டர் கொண்ட பழைய மாருதி 800 எஞ்சினில் ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் (உள்ளே உருவாகும் அழுத்தம்) குறைவாக இருந்தது. ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை ஊற்றி மறுபடியும் அளக்கச் சொன்னார் ஆசிரியர். கேஜின் முள் ஏறவில்லை. ஆயில் இடைவெளியை அடைத்து முள் ஏறியிருந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்கலாம், ஏறாததால் வால்வைப் பாருங்கள் என்றார். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினோம், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு கருகிப்போயிருந்தது. எதையும் பிரிப்பதற்கு முன் யோசிக்கும் வழக்கம் எனக்கு அன்று வந்ததுதான்.

குறை மின்னணுப் பகுதியில் இருக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தவை. சென்சார், வயரிங், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) தெரியாமல் அவற்றில் பழுது பார்க்க முடியாது. எங்கள் நிலையத்தில் இருந்த, அந்தக் கணினி பதிவுசெய்யும் பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஒரே ஸ்கேனரோ பெரும்பாலும் பீரோவில் பூட்டியே கிடந்தது. அதனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஸ்கேனர் காட்டிய பழுதுக் குறியீட்டை மட்டும் நம்பி நல்ல ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிட்டேன்; உண்மையான பழுது துருப்பிடித்த கனெக்டரில் இருந்தது. முதலில் மல்டிமீட்டரால் வயரைச் சோதிக்க வேண்டும் என்பதை அங்கிருந்த மூத்த மெக்கானிக் அண்ணன்தான் சொல்லித்தந்தார்.

டாட்டா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் இணைந்து தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளைத் தொழில் 4.0 (கணினி, ரோபோ சார்ந்த நவீனத் தொழில்நுட்பம்) மையங்களாகத் தரம் உயர்த்தும் திட்டம் எனக்கு மெய்யான மகிழ்ச்சி தருகிறது. ஆனாலும் விண்ணப்பிக்கும் முன் ஒருமுறை பட்டறைக்குள் சென்று, ஓடும் நிலையில் பிஎஸ்6 எஞ்சின் இருக்கிறதா, ஸ்கேனரை மாணவர்கள் கையில் கொடுக்கிறார்களா என்று இரண்டாம் ஆண்டு மாணவர்களிடமே கேட்டுவிடுங்கள்.