கட்டம் மாறாத லாரா: டூம் ரெய்டர் 1–3 ரீமாஸ்டர்

இங்கிலாந்தின் டெர்பி நகரில் இயங்கிய கோர் டிசைன் நிறுவனம் 1996-ல் டூம் ரெய்டர் வீடியோ கேமின் முதல் பாகத்தைக் கொண்டுவந்தது. அதன் நாயகி லாரா கிராஃப்டை உருவாக்கியவர் டோபி கார்ட். 1997-ல் இரண்டாம் பாகமும் 1998-ல் மூன்றாம் பாகமும் வந்தன. இந்த மூன்றும் ஒரே தொகுப்பாக, ஆஸ்பைர் வெளியீட்டில் 2024 பிப்ரவரி 14 அன்று, காட்சிகளைப் புதுப்பித்த ரீமாஸ்டராகத் திரும்பி வந்தன. முன்பு கணினிக்கு மட்டும் வந்த மூன்று துணைப் பாகங்களையும் சேர்த்திருக்கிறார்கள். பிளேஸ்டேஷன் போன்ற கன்சோலில் ஆடுவோருக்கு அதுவே பெரிய வரவு.

ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய கிராஃபிக்ஸும் புதியதும் ஆட்டத்தின் நடுவிலேயே மாறி மாறி வரும். இது வெறும் அலங்காரம் இல்லை. புதிய ஒளியமைப்பில் சில அறைகள் ரொம்பவே இருண்டுவிடுகின்றன. சாவியோ மருந்துப் பெட்டியோ கண்ணில் படாது. அங்கெல்லாம் பழைய கிராஃபிக்ஸுக்கு மாறிப் பார்த்தால் பொருள் சட்டெனத் தெரியும்.

ஆனால் இந்தத் தொகுப்பின் உயிர் படத்தில் இல்லை, தரையில் இருக்கிறது. பழைய டூம் ரெய்டரின் உலகம் முழுக்கச் சம அளவுக் கட்டங்களால் ஆனது. நின்ற இடத்திலிருந்து குதித்தால் ஒரு கட்டப் பள்ளத்தைத் தாண்டலாம். விளிம்பைப் பிடித்துக்கொண்டால் இரண்டு. ஓடிக் குதித்தால் இரண்டு, பிடித்துக்கொண்டால் மூன்று. அதனால் பள்ளத்தைப் பார்த்ததுமே கணக்குப் போட்டுவிடலாம். ரீமாஸ்டர் இந்தக் கணக்கில் கை வைக்கவில்லை. அதற்காகவே வாங்கலாம்.

ஓடிக் குதிக்கும் முறை இதுதான்: நடக்கும் பொத்தானை அழுத்தியபடி விளிம்புவரை போங்கள், லாரா தானே நின்றுவிடுவாள். பொத்தானை விட்டுவிட்டு, ஒருமுறை பின்னோக்கித் துள்ளுங்கள். பிறகு முன்னோக்கி ஓடத் தொடங்கியதுமே குதிக்கும் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். விளிம்புக்கு வந்தபின் அழுத்துவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. கால் தரையில் ஊன்றும் கணத்துக்காகக் காத்திருந்துதான் லாரா எழும்புவாள். அதற்குள் பள்ளத்தில் விழுந்திருப்பாள்.

இந்த முறை பழைய டேங்க் கன்ட்ரோலுக்கானது. அதில் திசை எப்போதும் லாராவின் முகத்தை வைத்தே அமையும். புதிதாகச் சேர்த்த நவீன கன்ட்ரோலில் திசை கேமராவைப் பொறுத்தது. சுவரோரம் கேமரா திரும்பினால் ஓட்டமும் கோணலாகி, குதிப்பு தவறிவிடும். முதல் ஒரு மணி நேரம் கை தடுமாறினாலும் டேங்கிலேயே பழகுங்கள்.

முதல் பாகத்தின் பழைய பிளேஸ்டேஷன் வடிவத்தில் படிகம் இருக்கும் இடத்தில்தான் சேவ் செய்ய முடியும். இங்கே எங்கும் செய்யலாம். வசதிதான், ஆனால் விழுந்துகொண்டிருக்கும்போது சேவ் செய்துவிட்டால் அந்த சேவ் வீண். ஒரே சேவ் மீது திரும்பத் திரும்ப எழுதாமல், மூன்று நான்கு சேவ்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

மூன்றில் முதல் பாகமே சிறந்தது. துப்பாக்கிச் சத்தம் குறைவு, தனிமை அதிகம். பதினைந்து லெவல்களும் புதிரை நம்பியே நிற்கின்றன. இரண்டாம் பாகம் ஏணி ஏறுதல், தீப்பந்தம்போல் எரியும் ஃப்ளேர், படகு, பனிவண்டி எனப் புதியன தந்தாலும் மனித எதிரிகளை அளவுக்கு மீறிக் குவித்துவிட்டது.

மூன்றாம் பாகம் அழகானது, இரக்கமற்றதும்கூட. இந்தியப் பகுதி முடிந்ததும் நெவாடா, தென் பசிஃபிக், லண்டன் மூன்றில் எதற்கு முதலில் போவது என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். நெவாடாவுக்கே போய்விடுங்கள். அங்கே லாரா பிடிபட்டு, அதுவரை சேர்த்த ஆயுதங்களை எல்லாம் இழப்பாள். கடைசிக்கு அதை வைத்தால் மற்ற இரண்டு இடங்களில் பாடுபட்டுச் சேர்த்ததும் சேர்ந்தே போய்விடும்.