சீனப் பாட்டு வீடியோ: யூடியூபா, பிலிபிலியா?

சீன மொழிப் பாட்டு வீடியோவுக்கு எந்தத் தளம் நல்லது என்று யாராவது கேட்டால், பாடகர் எந்த ஊர் என்று திருப்பிக் கேட்பேன். தைவான், ஹாங்காங் என்றால் யூடியூப் போதும். தைவான் பாடகர் ஜே சோவின் நிறுவனமான ஜேவிஆர் போன்றவர்களே அங்கே நேரடியாக ஏற்றுகிறார்கள். படமும் ஒலியும் சுத்தமாக இருக்கும். ஆனால் சீனாவில் 2009 மார்ச்சிலிருந்து யூடியூபுக்குத் தடை. அந்தப் பக்கத்துப் பாட்டுக்கு வேறு கதவைத்தான் தட்ட வேண்டும்.

ஒரு காலத்தில் அந்தக் கதவு யின்யுவேதாய். அதுவும் 2009-இல் வந்ததுதான். நாடகம், சமையல், செய்தி எதுவும் இல்லாமல் பாட்டு வீடியோவுக்கென்றே ஒரு தளம். சீனா, ஹாங்காங்-தைவான், கொரியா, ஜப்பான், மேற்கு என்று ஐந்து வட்டாரமாகப் பிரித்து ‘வி’ தரவரிசை போட்டது. தன் ஆளை முதலிடத்தில் உட்கார வைக்க ரசிகர்கள் அதே வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட விடுவார்கள். இதற்குச் சீனத்தில் ‘தா பாங்’ என்று பெயர், பட்டியலை அடிப்பது! தளத்துக்குக் கூட்டம் சேர்த்ததும் அதுதான், கெடுத்ததும் அதுதான் என்பது என் எண்ணம். நல்ல பாட்டு எது என்று பார்க்கப் போனால், எவருக்குப் பெரிய படை என்றுதான் தெரிந்தது. இப்போது தளமே இல்லை. ஆனாலும் வட்டாரவாரியான அந்த ஒழுங்கு மற்ற இரண்டிலும் கிடையாது.

பிலிபிலியும் சீன வீடியோத் தளம்தான், ஆனால் வேறு ரகம். ஜப்பானிய அனிமேஷன் ரசிகர்களுக்காக மிக்குஃபேன்ஸ் என்று 2009-இல் தொடங்கி, மறு வருடம் பெயர் மாறியது. அதன் உயிர் ‘டான்மு’: பார்ப்பவர்கள் எழுதும் வரிகள் படத்தின் மேலேயே வலமிருந்து இடமாகப் பறக்கும். ஜப்பானின் நிக்கோநிக்கோ வீடியோத் தளத்திலிருந்து வந்த யோசனை. சூட்சுமம் என்னவென்றால், ஒவ்வொரு வரியும் வீடியோவின் குறிப்பிட்ட நொடியோடு கட்டப்பட்டிருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருவர் எழுதியதும் நேற்று எழுதியதும் ஒரே நேரத்தில் ஓடும். பல்லவி நெருங்கும்போது ஒன்றிரண்டாகப் பறந்தது, பல்லவி வந்ததும் எல்லோரும் அதே வரியைத் தட்டி, பாடகர் முகமே தெரியாமல் மூடிவிடும். தியேட்டரில் முதல் நாள் முதல் காட்சி பார்த்த நமக்கு இது புரியாத சங்கதி இல்லை. முழு உறுப்பினராக வேண்டுமானால் 100 கேள்வித் தேர்வு ஒன்று உண்டு. 60 எடுத்தால் பாஸ்.

சீனப் பாட்டுச் செயலியான கியூகியூ மியூசிக்கை இதில் சேர்க்கவில்லை. 2020-இல் இந்தியா தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று.

மொழி கற்கப் பார்ப்பவர்களுக்கு அடியில் ஓடும் பாடல் வரிகள் பெரிய உதவி. ‘மா’ என்பதன் தொனி மாறினால் அம்மா குதிரையாகிவிடும். மெட்டில் விழுந்தால் அந்தத் தொனியும் கரைந்துவிடும். எழுத்தைப் பார்த்தால்தான் எது என்று பிடிபடும். சரி, எந்த எழுத்து? தைவான் வீடியோவில் பழைய, கோடுகள் நிறைந்த வடிவம். சீன வீடியோவில் எளிமையாக்கியது. சிங்கப்பூர், மலேசியப் பள்ளிகளிலும் எளிய வடிவம்தான் என்பதால், அங்கே படித்தவர்களுக்கு பிலிபிலி சுலபம். அப்புறம், பிலிபிலியில் வரிகளைப் படிக்க உட்காரும்போது டான்முவை அணைத்துவிடுங்கள். வீடியோவுக்குக் கீழேயே அதற்கொரு பொத்தான் இருக்கிறது.