கோரைக்கு ஒரு வழி, பார்த்தீனியத்துக்கு வேறு வழி

மழை பெய்து நான்கு நாள் ஆனால் போதும், வீட்டைச் சுற்றிக் களை கிளம்பிவிடும். "இந்த மருந்தை அடிங்கண்ணே, ஒரு வாரத்துல வேரோட காஞ்சிரும்" என்பார் கடைக்காரர். பக்கத்து வீட்டில் உப்பைக் கரைத்து ஊற்றச் சொல்வார்கள். யூடியூபில் பார்த்தால் வினிகர். என் அம்மாவோ பேசாமல் களைக்கொத்தியைக் கையில் கொடுத்துவிடுவார். மருந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தோட்டத்தில் செய்து பார்த்துவிட்டேன். மருந்து அடித்தால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்து மனையில் பார்த்தேன்.

எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன் எந்தக் களை என்று பார்க்க வேண்டும். சாரணை, குப்பைமேனி, பார்த்தீனியம் எல்லாம் விதையில் முளைப்பவை. பிடுங்கினால் அந்தச் செடியின் கதை முடிந்தது. கோரையும் அருகம்புல்லும் அப்படியில்லை. ஒரு கோரையைப் பிடித்து இழுங்கள். கழுத்தில் வெள்ளையாக ஒடிந்து கையோடு வரும், வேலை முடிந்தது போலத் தோன்றும். அதே இடத்தில் அரை சாண் தோண்டினால் சுண்டைக்காய் அளவில் கறுப்பாக ஒரு கிழங்கு இருக்கும். அதிலிருந்து கம்பி மாதிரி ஒரு நரம்பு ஓடி அடுத்த கிழங்கில் முடியும், அங்கிருந்து இன்னொன்றுக்குப் போகும். நாம் மேலே பிடுங்கப் பிடுங்க, தூங்கிக்கொண்டிருந்த கிழங்குகள் விழிக்கும். அருகைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், "அருகுபோல் வேரூன்றி" என்று கல்யாண வீட்டில் சும்மாவா வாழ்த்துகிறோம்!

விதைக்களைக்குக் கையும் மூடாக்கும் போதும். மண் ஈரமாக இருக்கும்போது, பூ வருவதற்கு முன் பிடுங்கிவிட வேண்டும். பூத்தபின் பிடுங்கினால் நாமே விதைத்த மாதிரி. பார்த்தீனியத்தை மட்டும் வெறுங்கையால் தொடாதீர்கள், தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் வரும். கையுறையும் முகக்கவசமும் வேண்டும். பிடுங்கிய இடத்தில் காய்ந்த சருகு, வைக்கோல், தென்னை ஓலை எதையாவது மூடாக்காக நான்கு விரற்கடைக்குப் பரப்பினால், வெளிச்சம் இல்லாமல் விதைகள் முளைப்பது பெருமளவு குறையும். மண்ணின் ஈரமும் நிற்கும். செடியின் தண்டைச் சுற்றி மட்டும் ஒரு சாண் இடம் விடுங்கள், இல்லையென்றால் கரையான் வரும்.

புதிதாகப் பாத்தி போடுகிறவர்களுக்குக் கோடையில் இன்னொரு வழி உண்டு. தரையை நன்றாக நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளை விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி, நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவிட வேண்டும். உள்ளே ஏறும் சூட்டில் மேல்மண்ணில் இருக்கும் விதைகளில் பெரும்பாலானவை வெந்துவிடும். கோரையிடம் இது பலிக்காது. ஆழத்தில் இருக்கும் கிழங்கு தப்பிக்கும், அதன் ஊசிமுனைத் தளிர் சில சமயம் தாளையே குத்திக்கொண்டு வெளியே வரும்.

உப்பு? தரிசில் மண்டிய பார்த்தீனியத்துக்கு லிட்டருக்கு 200 கிராம் உப்பு கரைத்துத் தெளிக்கச் சொல்வது உண்டு. வீட்டுத் தோட்டத்துக்கு அது வேண்டவே வேண்டாம். களை காய்ந்துவிடும், உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். பிறகு அந்த இடத்தில் கீரைகூட வராது. வினிகர் இளம் இலையைக் கருக்கும், வேரைத் தொடாது. சிமெண்ட் தள இடுக்கில் முளைக்கும் புல்லுக்கு வெந்நீர் போதும். ஊற்றும்போது பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். கடையில் பெரும்பாலும் தருவது கிளைபோசேட். இலை வழியே இறங்கி வேரைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் மண்ணில் கிடக்கும் விதையை அது ஒன்றும் செய்யாது, தூங்கும் கோரைக்கிழங்கையும் தொடாது. பக்கத்து மனையில் அடித்த இரண்டாம் வாரம் தரை வைக்கோல் நிறத்தில் கிடந்தது. அடுத்த மழைக்கு மறுபடி பச்சை. இதற்கிடையே காற்றில் வந்த சாரல் பட்டு எங்கள் வேலியோரக் கத்தரியின் கொழுந்துகள் வெளுத்துச் சுருங்கின. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்ற பட்டியலில் இதைச் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அப்படிக் கருதவில்லை. நம் மத்திய அரசு 2022 அக்டோபரில், பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலமாக மட்டுமே இதைத் தெளிக்கலாம் என்று அறிவிக்கை வெளியிட்டது. கோழி மேயும், குழந்தை மண்ணளையும் இடத்தில் இதை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. பாராகுவாட் என்ற இன்னொரு களைக்கொல்லியை யாராவது கொடுத்தால் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். ஒரு வாய் உள்ளே போனாலே உயிர் போகலாம், முறிவு மருந்து கிடையாது.

சரி, கோரைக்கு என்னதான் செய்வது? மண் ஈரமாக இருக்கும்போது கடப்பாரையால் ஒரு சாணுக்குக் கீழே நெம்பி, கட்டியை உடைத்து, கிழங்கைக் கையால் பொறுக்குவதுதான் நான் கண்ட வழி. களைக்கொத்தியால் கொத்தினால் நரம்பு அறுந்து ஒன்று பத்தாகும். பொறுக்கிய பிறகும் முளைக்கும். முளைத்த தளிரை ஐந்தாறு இலை விடுமுன் எடுத்துக்கொண்டே வந்தால், கிழங்கில் சேர்த்துவைத்த சத்து தீர்ந்துபோகும். எங்கள் வீட்டில் பத்தடிக்குப் பத்தடி இடம் சுத்தமாக இரண்டு மழைக்காலம் ஆனது. இப்போதும் வாரம் ஒருமுறை ஒன்றிரண்டு தளிரைப் பார்க்கிறேன், உடனே எடுத்துவிடுகிறேன்.

பொறுக்கிய கிழங்கை உரக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், எருவோடு தோட்டம் முழுக்கப் பரவிவிடும். மொட்டை மாடியில் வெயிலில் பரப்பி, சுருங்கிக் கல்லாகும் வரை விடுங்கள். காய்ந்ததை உடைத்தால் நல்ல வாசனை வரும். அம்மா அதில் ஒரு பிடியை எடுத்து நலங்குமாவுக்குச் சேர்த்துக்கொள்வார்.